யாருடைய நாட்குறிப்பு? ‘கோ ஆஸ்க் அலிஸ்’ குறித்து ஒரு விவாதம்

தாழைமடல்:

1971இல் அமெரிக்காவில் பிரென்டிஸ்-ஹால் நிறுவனம் வெளியிட்ட ‘கோ ஆஸ்க் அலிஸ்’ என்னும் நூலை இங்குள்ளோரில் சிலராவது படித்திருப்பீர்கள். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அனாமதேயர்’ என்று மட்டுமே அச்சிடப்பட்ட அந்நூல், போதைக்கு அடிமையான பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் உண்மையான நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது என்ற முன்குறிப்போடு விற்பனைக்கு வந்தது. கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குச் சென்ற அவளுக்கு, ஒரு விருந்தில், அவள் அறியாமலேயே குளிர்பானத்தில் எல்.எஸ்.டி. என்னும் போதைமருந்தைக் கலந்து கொடுக்கிறார்கள். பிறகு ஊசி, மாத்திரை, கஞ்சா, சிறுவர்களிடம் போதைப்பொருள் விற்பது, தோழியோடு சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓடுவது, மனநல மருத்துவமனை என்று அவள் வாழ்க்கை சரிந்துகொண்டே போகிறது. இனி நாட்குறிப்பு எழுதப் போவதில்லை என்று முடிவெடுத்த மூன்று வாரங்களில் அவள் இறந்துவிட்டதாகப் பின்னுரை தெரிவிக்கிறது.

இந்நூல் அது சொல்லிக்கொள்வது போன்ற நாட்குறிப்பு அன்று என்பதே என் குற்றச்சாட்டு. யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்பவர் 1970களின் இறுதியில், தாமே இதன் பதிப்பாசிரியர் என்று முன்வந்தார். பள்ளி நூலகங்களுக்கான இதழ் ஒன்றில் 1979இல் வெளியான நேர்காணலில், தமக்குத் தெரிந்த ஒரு பெண் கொடுத்த குறிப்புகளோடு வேறு பிள்ளைகளின் அனுபவங்களையும் சேர்த்து எழுதியதாக அவர் சொன்னார். மூலப்பிரதி எங்கே என்ற கேள்விக்கு, ஒரு பகுதியைப் படியெடுத்தபின் அழித்துவிட்டதாகவும் மீதி பதிப்பகத்தின் பெட்டகத்தில் இருப்பதாகவும் விடை கிடைத்தது. பதிப்புரிமைப் பதிவிலோ அவர் நூலாசிரியராகவே குறிக்கப்பட்டிருக்கிறார். பிற்காலப் பதிப்புகளின் உட்பக்கத்தில் இது புனைவு என்ற வரி பொடி எழுத்தில் இடம்பெற்றது. அட்டையில் மட்டும் ‘அனாமதேயர்’ அப்படியே நின்றார். வளரும் பிள்ளைகளிடம் இதை நடந்த கதை என்று நீட்டுவது ஏமாற்றுவேலை என்பேன். மறுப்போர் மறுக்கலாம்.

இரவுவாசகர்:

தாழைமடல் அவர்கள் தந்த தகவல்கள் எதையும் நான் மறுக்கவில்லை; அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

போதைப்பொருள் வருவதற்கு முந்தைய பக்கங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். ரோஜர் என்ற பையன் வராமல் போனதற்காக உலகமே இடிந்து விழுந்ததுபோல் எழுதுகிறாள். தந்தைக்கு வேறு கல்லூரியில் பணி கிடைத்துக் குடும்பம் ஊர் மாறுகிறது. புதிய பள்ளியில் அவளை யாரும் பொருட்படுத்துவதில்லை. உடல் எடையை நினைத்து வெட்கப்படுகிறாள், பட்டினி கிடக்கிறாள், மறுபடி தின்கிறாள். வீட்டில் அவளை நேசிக்கிறார்கள், ஆனால் அவள் சொல்வதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. இதை எழுதியவர் 1917இல் பிறந்தவர், நூல் வெளிவந்தபோது ஐம்பதைக் கடந்திருந்தார் என்பதால் அந்தத் தனிமை பொய்யாகிவிடுமா? பிற்பகுதியில், வீடில்லாமல் அலையும் நாள்களில், கிடைத்த தாள்களில் கிறுக்கிய குறிப்புகளுக்குத் தேதிக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறி இடப்பட்டிருக்கும். நாள்களின் கணக்கையே ஒருத்தி தொலைத்துவிட்டாள் என்பதை அதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஒரு நாவலாசிரியரின் கைவண்ணம் என்றால், நல்லது, பாராட்டிவிட்டுப் போவோம்.

அந்த வயதில் இதைப் படித்த எத்தனையோ பேருக்கு, தம்மைப் போலவே இன்னொருத்தியும் கண்ணாடி முன் நின்று குறுகிப்போயிருக்கிறாள் என்பதுதான் முக்கியமாக இருந்தது. நம்பியதால் யாருக்கு என்ன கேடு வந்தது?

மருந்தாளுநர்:

என்ன கேடு என்று கேட்டதால் என் துறை சார்ந்து விடை சொல்கிறேன்.

எல்.எஸ்.டி. என்பது மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்யும் மருந்து. ஒருமுறை உட்கொண்டால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை அதன் தாக்கம் நீடிக்கும். மனம் கலங்கும், பீதி பிடிக்கும், ஏற்கெனவே மனநோய்க்கான சாய்வு உள்ளவர்களுக்கு அது பெரும் ஆபத்தாகவும் முடியலாம். ஆனால் அதையே தேடித் தேடி ஓடவைக்கும் அடிமைத்தனத்தை ஹெராயினைப்போல் அது உண்டாக்குவதில்லை. அடுத்தடுத்த நாள்களில் எடுத்தால் உடல் பழகிப்போய் அதன் விளைவே குன்றிவிடும். நூலிலோ ஜூலை 10ஆம் நாள் குறிப்பில் எல்.எஸ்.டி.யை அறியாமல் குடித்த பெண், அதே மாதம் 20ஆம் நாள் எழுதும்போது ஊக்கமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டுவிட்டாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் ஊசிவரை உருண்டு போயே தீர வேண்டும் என்ற நம்பிக்கை மருந்தியலில் இல்லை. பயமுறுத்துவதற்காக எழுதுவோரிடம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவளுடைய வீழ்ச்சியின் தொடக்கமும் சரி, மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசி நிகழ்வும் சரி, இரண்டிலும் பிறர் அவளுக்குத் தெரியாமல் கொடுக்கிறார்கள். முதலில் குளிர்பானம், பிறகு, அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன வீட்டில், சாக்லேட் பூசிய வேர்க்கடலை. இடையில் அவளே விரும்பி எடுத்துக்கொள்கிறாள் என்றாலும், திருப்புமுனைகளில் மட்டும் அவள் கை சுத்தம். உண்மையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் போதை ஒளித்துக் கொடுக்கப்படுவதில்லை. பிரியமான நண்பன் நேருக்கு நேர் நீட்டுகிறான். மறுக்க மனமில்லாமலோ ஆர்வத்தாலோ வாங்கிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் எப்படி மறுப்பது என்பதற்கு இந்நூலில் ஒரு பக்கம்கூட உதவாது.

கோடைவெயில்:

மருந்தாளுநர் ஐயா, தங்கள் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பெற்றோர் நிலையில் இருந்து பாருங்கள். என் பிள்ளை மருந்தியலில் தேர்வு எழுதப்போவதில்லை. பயந்து விலகி நின்றால் எனக்குப் போதும். அந்தப் பயம் சரியான காரணத்தால் வந்ததா, தவறான காரணத்தால் வந்ததா என்று நான் ஆராயமாட்டேன்.

மருந்தாளுநர்:

அம்மா, அந்தப் பயம் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் என் கேள்வி. தன் வகுப்புத் தோழன் கஞ்சா புகைத்துவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கு வருவதை உங்கள் பிள்ளை ஒருநாள் காண நேரும். அன்றைக்கு, நூலில் படித்தது பொய் என்று முடிவு கட்டும். கஞ்சாவைப் பற்றிச் சொன்னது மிகையென்றால் ஹெராயினைப் பற்றிச் சொன்னதும் மிகையாகத்தான் இருக்கும் என்பது அடுத்த படி. ஹெராயினைப் பற்றிய எச்சரிக்கை மெய்யானது என்பதை அப்போது யார் சொன்னாலும் அது காதில் ஏறாது.

இந்நூல் வெளிவந்த ஆண்டையும் மறக்க வேண்டாம். 1971 ஜூன் மாதத்தில்தான் குடியரசுத் தலைவர் நிக்சன், போதைப்பொருள் பழக்கமே நாட்டின் முதன்மை எதிரி என்று அறிவித்தார். அச்சம் நன்றாக விலைபோன காலம் அது.

பள்ளிநூலகர்:

ஒரு வேடிக்கையை இங்கே பதிவு செய்ய வேண்டும். மார்மன் சமயப் பின்புலம் கொண்ட, பழமைப் பற்றுள்ள ஒருவர், பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்று எழுதிய இந்நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றச் சொன்னவர்கள் பெரும்பாலும் பழமைப் பற்றுள்ளவர்களே. கெட்ட வார்த்தைகளும் பாலியல் நிகழ்வுகளும் இருக்கின்றன என்பது அவர்களுடைய புகார். நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் 1976இல் நூலகங்களிலிருந்து எடுத்துவிட்ட நூல்களில் இதுவும் ஒன்று. ஸ்டீவன் பிகோ என்ற மாணவரும் சிலரும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஒரு கருத்தைப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து நூல்களை நீக்கலாகாது என்று 1982இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பில், நீதிபதி பிரென்னன் எழுதினார். அவருடைய கருத்துரைக்கே பெரும்பான்மை நீதிபதிகளின் முழு உடன்பாடு கிடைக்கவில்லை என்பதால், அத்தீர்ப்பின் வலு பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆட்சேபம் எழுப்பியவர்கள் அனைவரும் வசைச்சொற்களையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். இது மெய்யான நாட்குறிப்பா என்ற கேள்வி நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. தாழைமடலின் வாதத்தைக் கேட்டு யாரும் நூலை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டாம். புனைவு அலமாரிக்கு மாற்றினால் போதும்.

தாழைமடல்:

நூலை அகற்றச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை என்பதைத் தெளிவுபடுத்துகிறேன்.

இரவுவாசகரின் ‘யாருக்குக் கேடு’ என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் இருக்கிறது. இந்நூல் பெற்ற வெற்றிக்குப் பிறகு, யூட்டாவில் தற்கொலை செய்துகொண்ட ஒரு சிறுவனின் தாய், மகனின் நாட்குறிப்பை ஸ்பார்க்ஸிடம் நம்பிக் கொடுத்தார். தம் பிள்ளையின் துயரம் வேறு பிள்ளைகளைக் காப்பாற்றட்டும் என்பது அந்தத் தாயின் எண்ணம். 1979இல் வெளிவந்த ‘ஜேஸ் ஜர்னல்’ என்ற நூலில், அவன் எழுதியதாக உள்ள குறிப்புகளில் மிகப் பெரும்பகுதி அவன் எழுதாதவை. சாத்தான் வழிபாடும் மாந்திரீகமும் அவன்மீது ஏற்றப்பட்டிருந்தன. பெயர் மாற்றப்பட்டிருந்தாலும், சொந்த ஊரில் அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. முதல் நூலில் மூலத்தைக் காட்டாமலேயே தப்பிக்க முடிந்ததால்தான் இரண்டாவதில் அந்தத் துணிச்சல் வந்தது என்று நான் நினைக்கிறேன். 2022இல் ரிக் எமர்சன் என்பவர் இந்த வரலாற்றை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்.

நேர்மையாகவும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு ஜெர்மனியின் கிறிஸ்டியானே எஃப். நூல் சான்று. பதின்மூன்று வயதில் ஹெராயினைத் தொட்ட மேற்கு பெர்லின் சிறுமி. ஷ்டெர்ன் இதழின் செய்தியாளர்கள் கை ஹெர்மான், ஹோர்ஸ்ட் ரீக் இருவரும் அவள் பேசியதை ஒலிப்பதிவு செய்து 1978இல் எழுதினார்கள். எழுதியவர்கள் பெயர் அட்டையில் இருக்கிறது. இடையிடையே தாயின் கூற்றும் அதிகாரிகளின் கூற்றும் வருகின்றன. ஹெராயினை நிறுத்தும்போது உடல் படும் பாடு அதில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அவள் சாகவும் இல்லை. 2013இல் தன் பிற்கால வாழ்க்கையையும் நூலாக வெளியிட்டாள்.

இரவுவாசகர்:

சிறுவனின் குடும்பத்துக்கு நேர்ந்தது கொடுமை. அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் கிறிஸ்டியானேவை மாற்று மருந்தாக நீட்டுவதை ஏற்க முடியவில்லை. அந்த நூலும் அதைத் தழுவி 1981இல் வந்த திரைப்படமும் அவளை ஒரு நாயகியாக்கிவிட்டன என்ற குறை அங்கேயே எழுந்ததே? ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும், அவளைப் போல உடுத்திக்கொள்ளவும் அவள் போதைக்காகச் சுற்றித் திரிந்த பெர்லின் ரயில் நிலையத்தைப் பார்க்கவும் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ஆக, மெய்யாக இருப்பதால் ஒரு நூல் நல்லது செய்யும், புனைவாக இருப்பதால் தீங்கு செய்யும் என்ற கணக்கு நிற்கவில்லை.

பள்ளிநூலகர்:

இரண்டு தரப்பும் நூல் முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துப் பேசுவதாக எனக்குப் படுகிறது. ‘நான்’ என்று பேசும் பக்கங்கள் புனைவாக இருப்பதில் எந்த நாவல் வாசகருக்கும் சங்கடமில்லை. அவற்றுக்கு வெளியே இரண்டு பக்கங்கள் உள்ளன. முன்குறிப்பில், சம்பந்தப்பட்டவர்களின் விருப்பப்படி பெயர்களும் தேதிகளும் இடங்களும் சில நிகழ்வுகளும் மாற்றப்பட்டுள்ளதாகப் பதிப்பாளர்கள் பேசுகிறார்கள். பின்னுரையில், திரைப்படம் பார்த்துவிட்டுத் திரும்பிய பெற்றோர் மகளைப் பிணமாகக் கண்டதாகவும், அந்த ஆண்டில் போதைப்பொருளால் மாண்ட ஆயிரக்கணக்கானோரில் அவளும் ஒருத்தி என்றும் ஒரு குரல் அறிவிக்கிறது. அங்கே பேசுவது பாத்திரம் அன்று. ஒரு மரணத்துக்குச் சாட்சி சொல்கிறார்கள். நாவலுக்குரிய சலுகையை நாட்குறிப்புப் பக்கங்களுக்குக் கொடுப்பேன். அந்த இரண்டு பக்கங்களுக்குக் கொடுக்கமாட்டேன்.

இரவுவாசகர்:

நல்ல பாகுபாடு. ஆனால் பொய்யான பதிப்பாசிரியர் நாவல் பிறந்த காலத்திலிருந்தே உண்டு. 1719இல் ‘ராபின்சன் குரூசோ’ வெளிவந்தபோது அதை எழுதிய டீஃபோவின் பெயர் அதில் இல்லை. குரூசோவே எழுதியது என்றுதான் முகப்பில் இருந்தது. இது நடந்த வரலாறு என்று ஒரு பதிப்பாசிரியர் முன்னுரையில் உறுதியும் கூறினார்.

மருந்தாளுநர்:

குரூசோவை எந்தப் பள்ளியும் கடற்பயணப் பாதுகாப்புப் பாடமாக வைக்கவில்லை, நண்பரே. இதைப் போதை விழிப்புணர்வுக்கான நூல் என்று சொல்லித்தானே பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்.

தாழைமடல்:

மருந்தாளுநர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றே ஒன்று. ஸ்பார்க்ஸ் 2012இல் காலமாகிவிட்டார். இனி மறைத்துக் காக்க வேண்டியவர் எவரும் இல்லை. அட்டையில் அவர் பெயரை அச்சிட்டு, முன்குறிப்பை நீக்கிவிட்டால், என் புகாரில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதில் இரவுவாசகருக்கு என்ன தடை?

இரவுவாசகர்:

பெயரை அச்சிடுவதில் தடையில்லை. முன்குறிப்பை நீக்குவதில் தடை உண்டு. அது 1971ஆம் ஆண்டின் ஆவணம். ஒரு தலைமுறையை எப்படி நம்பவைத்தார்கள் என்பதற்கு அந்தப் பக்கமே சான்று. அதை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் உண்மையைப் பெரிய எழுத்தில் போடட்டும்.

தாழைமடல்:

அதற்கு இசைகிறேன். எனினும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால், அந்த எதிர்ப்பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் கொடுப்பேன்.

இரவுவாசகர்:

நான் படித்து முடித்தபின் காட்டுவேன். எந்த இடத்தில் நம்பினாய், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க எனக்கு வேறு வழியில்லை.