புது பெண்டிங் மெஷின்: வலது முனை மட்டும் 2 டிகிரி விரிகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் சின்னப் பட்டறை வைத்து மின் பேனல் பெட்டிகள் செய்கிறேன். போன வாரம் தகடு வளைக்கும் 100 டன் ஹைட்ராலிக் பெண்டிங் மெஷின் இறக்கினோம்.

ரசமட்டம் பார்த்து நிறுத்தி, 46 கிரேடு எண்ணெய் நிரப்பினோம். மோட்டார் அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே பம்பை ஓட்டினோம். தகடு வைக்காமல் அரை மணி நேரம் ராமை, அதாவது தகட்டை அழுத்தும் மேல் பாகத்தை, ஏற்றி இறக்கினோம். கசிவில்லை, சத்தமில்லை, மனம் நிறைந்துபோனது.

3 மி.மீ. தகட்டை 2.5 மீட்டர் நீளத்துக்கு வளைத்தபோதுதான் கோளாறு தெரிந்தது. இடது முனை 90 டிகிரி, வலது முனை 92. மூலைமட்டத்தை ஒட்டி வைத்து வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தால் வெயில் கீற்றாகத் தெரிகிறது.

தகட்டின் மேல் பழி வேண்டாமென்று, அதிலேயே இரண்டு துண்டு வெட்டி இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் வைத்து வளைத்தோம். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ராம் சாயும் அல்லவா? துண்டுகளை இடம் மாற்றினாலும் வலதுதான் விரிகிறது. நடுவில் மட்டும் விரிந்தால் தகட்டைத் தாங்கும் கீழ்ப் படுகை தொய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை.

வலது சிலிண்டரில் காற்று நிற்கிறதா, ராம் இறங்கும் ஆழத்தை நிறுத்தும் ஸ்டாப்பர் அளவு பிசகியதா, அடிபோல்ட்டை இறுக்கியதில் சட்டம் முறுக்கிக்கொண்டதா? எதை முதலில் பார்ப்பது? நான் மெஷின் நிற்கும் மட்டத்தைத்தான் சந்தேகிக்கிறேன். விற்றவர்களின் பொறியாளர் வரப் பத்து நாள் ஆகுமாம், ஆர்டரோ காத்திருக்காது.

வாலாஜா, காட்பாடி பக்கம் இந்த மெஷின் ஓட்டும் அண்ணன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.