பிரெஞ்சுச் சொற்களை எங்கே உடைத்துப் படிப்பது?

ஜெலுத்தோங்_மாணவி
வணக்கம். பினாங்கில் பிரெஞ்சு படிக்கிறேன், டெல்ஃப் ஏ1 தேர்வு எழுதப் போகிறேன். வாய்விட்டுப் படிக்கும்போது சொல்லை எங்கே பிரிப்பது என்று பிடிபடவில்லை. விலங்கைக் குறிக்கும் 'அனிமல்' இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துதான், ஆனால் ஆங்கில அகராதி 'அன்-இ-மல்' என்கிறது, பிரெஞ்சுப் புத்தகம் 'அ-னி-மல்' என்கிறது. சனிக்கிழமைக்கான 'சமெதி' புத்தகத்தில் மூன்று அசை, ஒலிப்பதிவில் இரண்டுதான் காதில் விழுகிறது. எதை நம்புவது?

பிரிக்ஃபீல்ட்ஸ்_அண்ணன்
தங்கச்சி, 'சமெதி'யில் இரண்டுமே சரி. எழுத்தில் ச-மெ-தி. பேசும்போது நடுவில் உள்ள 'எ' விழுந்து 'சம்-தி' ஆகிவிடும். 'மதாம்' கடைசியிலும் அப்படி ஓர் 'எ' இருக்கிறது, ஒலிக்காது.

பிரிக்கும் முறை ஏறக்குறைய நாம் மலாய்ப் பாடத்தில் படித்த சூக்கு காத்தா, அதாவது அசை பிரிப்புதான். இரண்டு உயிருக்கு நடுவே ஒரே மெய் என்றால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: மலாயில் மா-கான், பிரெஞ்சில் அ-னி-மல். இரண்டு மெய் என்றால் ஆளுக்கு ஒன்று: மலாயில் கெர்-தாஸ், பிரெஞ்சில் பார்-தீர். இரண்டாவது மெய் ர் அல்லது ல் என்றால் பெரும்பாலும் பிரியாது, அ-ப்ரே, த-ப்லோ என்று சேர்ந்தே போகும்.

இதில் கவனம் வைக்கச் சொல்வது ஏனென்றால், மூக்கொலி (உயிரொலி மூக்கு வழியாகவும் போவது) எங்கே வரும் என்பதே இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. 'போன்ஜூர்' என்பதில் ன் முதல் அசையை முடிக்கிறது, அதனால் நாக்கு மேலே தொடாது, 'ஓ' மூக்கு வழியாகவும் போகும், ன் தனியாகக் கேட்காது. 'அ-னி-மல்' சொல்லில் ன் அடுத்த அசையைத் தொடங்குகிறது, மூக்கொலியே கிடையாது, 'னி' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலப் பிரிப்பை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அம்பாங்_அக்கா
அண்ணன் சொன்னது சரி, ஆனால் சொல்லோடு நிறுத்திவிடாதே தங்கச்சி. 'இல் அரீவ்' (அவன் வருகிறான்) பேச்சில் 'இ-ல-ரீவ்' ஆகிவிடும். 'அவன் எங்கே' என்பது 'அவனெங்கே' ஆவதில்லையா, மெய்யோடு உயிர் கூடுவது நமக்குப் பழகியதுதான். தனியாக இருக்கும்போது ஒலிக்காத எழுத்துகூடச் சில இடத்தில் எழுந்து வரும்: 'லே', 'அமி' இரண்டும் சேர்ந்தால் 'லே-ஸ-மி', அந்த ஸ வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர வேண்டும். அழுத்தம் வழக்கமாகச் சொற்றொடரில் ஒலிக்கும் கடைசி அசைக்கு.

ஜெலுத்தோங்_மாணவி
நன்றி அண்ணே, அக்கா. அப்போ 'நல்ல' என்பதற்குப் பெண்பாலில் வரும் 'பொன்'? அதில் இரண்டு ன் இருக்கிறதே, எழுத்தில் 'பொன்-னெ' என்றுதானே பிரியும்?

பிரிக்ஃபீல்ட்ஸ்_அண்ணன்
நல்ல கேள்வி. எழுத்தில் அப்படித்தான் பிரியும், ஆனால் இரட்டை ன் வந்தால் பெரும்பாலும் மூக்கொலி வராது. கடைசி 'எ' ஒலிக்காது, ன் மட்டும் தெளிவாகக் கேட்கும். ஆண்பாலில் ஒரே ன், அங்கே மூக்கொலி.