நீரிழிவுக் காலணியின் சோல் பிரிகிறது: ஒட்டும் முறை தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். எலும்பில் பொருத்தும் டைட்டானியம் திருகுகளுக்கு ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ள கனிமம்) மேற்பூச்சு இடும் ஆராய்ச்சியில் பணிபுரியும் பொறியாளன் நான். விடுமுறை நாட்களில் பாளையங்கோட்டையில் சில தன்னார்வலர்களுடன் சேர்ந்து, பாத உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்குக் காலணி செய்து கொடுக்கிறேன். அந்தக் காலணியில்தான் இப்போது சிக்கல்.

உள்ளே ஷோர் ஏ என்ற ரப்பர் கடின அளவில் 15 முதல் 20 வரை வரும், மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை) ரப்பர், அடியில் கடினமான ரப்பர் சோல், இடையில் நியோபிரீன் பசை. பங்குனி வரை நன்றாக இருந்த ஜோடிகள், சித்திரை வெயில் ஏறியதும் பெருவிரல் பக்கத்திலிருந்து வாய் பிளக்கின்றன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வரப்பின் ஈரத்திலும் சுடும் தார்ச்சாலையிலும் மாறி மாறி நடப்பவர்களுக்கே இது முதலில் நேர்கிறது. பிரிந்ததைத் திறந்து பார்த்தால் பசை முழுவதும் எம்.சி.ஆர். பக்கமே படிந்திருக்க, சோலின் முகம் துடைத்ததுபோல் வழவழப்பாக இருக்கிறது. ஆகவே குறை சோலின் பரப்பில்தான் என்று கருதுகிறேன்.

உப்புத்தாளால் தேய்த்து, டொலுயீன் என்ற கரைப்பானால் துடைத்து, இருபுறமும் பசை தடவிக் காயவிட்டு, இரவு முழுவதும் பாரம் ஏற்றி வைத்தும் பார்த்தாயிற்று. வேறு நிறுவனத்தின் நியோபிரீன் பசையிலும் பலன் இல்லை. ஓரத்தில் தையல் போட்டால் நிற்கிறது, ஆனால் துளை வழியே தண்ணீர் ஏறி உள்ளே ஈரம் தங்குகிறது. ஆணி அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. உணர்ச்சியற்ற பாதத்துக்கு அது ஆகவே ஆகாது, ஆணி ஏறியது தெரியாமலே நடப்பார்கள்.

ரப்பர் பரப்புக்கான ஹாலோஜன் பிரைமர் (பசை நன்றாகப் பிடிக்க இடும் முன்பூச்சு) பூசிவிட்டுப் பாலியூரிதேன் பசைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். வெயிலும் ஈரமும் சேரும் இடத்தில் இந்த முறையைக் கையால் செய்து பார்த்தவர்கள், எந்த வகை சோலில் அது நிலைத்தது என்று சொல்ல முடியுமா?