தோல் மருத்துவம் 1801-இல் பிறந்ததா?

குன்றேறி: தோல் மருத்துவம் 1801-இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் பிறந்தது என்று நண்பர் வடகரையான் நேற்று தீர்ப்பே எழுதிவிட்டார். பழைய கொள்ளைநோய் மருத்துவமனை ஒன்றைத் தோல் நோயாளிகளுக்கென ஒதுக்கியதுதான் அவ்வாண்டில் நடந்தது. லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லானோ, தோல் நோய்களை வகைப்படுத்தியதற்காக 1790-இலேயே அங்குள்ள மருத்துவச் சங்கத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றுவிட்டார். தோலில் கண்ணுக்குத் தெரிவது பருவா, செதிலா, கொப்புளமா, நிறம் மாறிய புள்ளியா என்று பார்த்து எட்டு வகுப்புகளாகப் பிரித்த அவருடைய சொற்களைத்தான் இன்றைய மருத்துவரும் எழுதுகிறார்.

வடகரையான்: பதக்கம் வாங்கினால் துறை பிறந்துவிடுமா, ஐயா? வகைப்பாடுதான் அளவுகோல் என்றால், 1776-இல் வியன்னாவில் வெளியான நூலில் 14 வகுப்புகளாகப் பிரித்த மருத்துவர் பிளெங்க்கை ஏன் மறைத்தீர்கள்? நோயாளியும் மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடியது பிரெஞ்சு மருத்துவர் அலிபெர்ட் பணியேற்ற செயின்ட் லூயியில்தான், ஆகவே 1801.

குன்றேறி: நான் எதையும் மறைக்கவில்லை. அலிபெர்ட் 1829-இல் நோய்களையெல்லாம் ஒரு மரத்தின் கிளைகளாக வரைந்தார். அந்த மரம் நிலைக்கவில்லை. அவருடைய மாணவர் பியெட் என்பவரே வில்லானின் முறையைத்தான் பாரிஸில் கற்பித்தார். இதற்கு விடை சொல்லிவிட்டு 1801-ஐப் பற்றிப் பேசுங்கள்.

நீர்முள்ளி: செயின்ட் லூயியின் புகழ் பாடுவோர் 1812-ஐ மறக்கக் கூடாது. சிரங்கை உண்டாக்கும் பூச்சி என்று காலே என்ற மாணவர் அங்கே வரைந்து காட்டியது பாலாடைக்கட்டியில் ஊறும் உண்ணியை!

வடகரையான்: அந்தக் களங்கத்தைத் துடைத்ததும் அதே மருத்துவமனைதான். 1834-இல் ரெனூச்சி என்ற கோர்சிகா மாணவர், கொப்புளத்தைத் தொடாமல், தோலுக்குள் ஓடும் மெல்லிய கோட்டின் முனையில் ஊசியைச் செலுத்தி, வெண்புள்ளி போன்ற பூச்சியை உயிரோடு எடுத்துக் காட்டினார்.

குன்றேறி: அந்த ஊசி வித்தை கோர்சிகாவின் ஊர்ப் பெண்களுடையது, அவர்களைப் பார்த்துத்தான் ரெனூச்சி கற்றார். இத்தாலியர் பொனோமோ 1687-இலேயே அப்பூச்சியை விவரித்துவிட்டார். பெண்களின் கைத்திறனையும் மருத்துவமனையின் கணக்கில் சேர்ப்பது, சென்ற மாதம் அம்மை குறித்த விவாதத்தில் தாங்கள் செய்த அதே வேலை.

வடகரையான்: அம்மையை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே தோற்ற ஆற்றாமை இன்னும் ஆறவில்லை போலும்.

நீர்முள்ளி: இருவரும் வியன்னா மருத்துவர் ஹெப்ராவை மறந்தீர்கள். உடலின் உள்ளே கெட்ட நீர் சிரங்காக வெளிவருகிறது என்ற நம்பிக்கையை, பூச்சியைத் தம் தோலிலேயே விட்டுப் பார்த்து உடைத்தவர் அவர். 1869-இல் வியன்னாவில் முழுப் பேராசிரியரானார்.

குன்றேறி: ஹெப்ராவை மதிக்கிறேன்; ஆனால் 1869 என்பது 1790-க்குப் பின்னர்தானே வருகிறது? வடகரையான் அவர்களே, பியெட் பாரிஸில் கற்பித்தது யாருடைய முறையை? அதன் பிறகு தாங்கள் இரண்டு பதிவுகள் இட்டும் அதற்கு மட்டும் தங்களிடமிருந்து விடை வரவில்லை.

வடகரையான்: எந்தக் கட்டிடத்தில் நின்று கற்பித்தார் என்பதைத் தாங்கள் முதலில் எழுதுங்கள். 1801.