கோவையிலிருந்து பழைய நெக்ஸான் ஈவி, பெருக்குக்கு வீடு வருகிறது: அதற்குள் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

குடமுருட்டிக்கரை (வலங்கைமான்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் 2021 மாடல் நெக்ஸான் ஈவி, அதாவது டாடாவின் மின்சாரக் கார், பேசி முடித்து முன்பணமும் கொடுத்தாச்சு. 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரி வண்டி. ஒரே ஓனர், 41,000 கிலோமீட்டர், ஏழரை லட்சம். ஆடியில் போய் வண்டி எடுப்பதா என்று மாமியார் முகம் சுளித்தார். பதினெட்டாம் பெருக்கு அன்று என்றதும் சமாதானம் ஆகிவிட்டார். எனக்கும் வசதிதான், வீட்டைத் தயார் செய்ய நாள் கிடைக்கிறது.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். தினமும் போய்வருவது, வாரத்தில் ஒருநாள் தஞ்சாவூரோ திருவாரூரோ, அப்புறம் கல்யாண சீர்வரிசை டெலிவரி. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். இந்த ஓட்டத்துக்கு அந்த வண்டி தாராளம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு முழு சார்ஜுக்குக் கம்பெனிக் கணக்கு 312 கிலோமீட்டர், நிஜத்தில் 200 கிடைத்தால் போதும். எனவே "டீசல் வாங்கு", "ஹைபிரிட் வாங்கு" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

என் கவலை வீட்டைப் பற்றியது. ஓட்டு வீடு. மெயின் போர்டில் இன்னும் பீங்கான் கட்டை ஃபியூஸ்தான், அப்பா காலத்தில் போட்டது. சிங்கிள் ஃபேஸ். ஒரு ஏசி, கொல்லையில் ஒரு ஹெச்பி மோட்டார், ஃப்ரிட்ஜ், கிரைண்டர். மாட்டுக் கொட்டகையில் இப்போது மாடு இல்லை, வண்டியை அங்கேதான் விடப்போகிறேன். போர்டிலிருந்து கொட்டகைக்கு கூடம், தாழ்வாரம், கொல்லை என்று எழுபது அடி ஒயர் இழுக்க வேண்டும். குறுவைக்குச் சுற்றிலும் பம்ப்செட் ஓடுகிற நேரம் வேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு ட்யூப்லைட் கண் சிமிட்டும், ஸ்டெபிலைசரில் 185 வோல்ட் காட்டும். பதினொரு மணிக்கு மேல் 220க்கு வந்துவிடும்.

டாக்டர் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் போடுகிற சார்ஜரைத்தான் தருகிறார். சுவரில் மாட்டியிருக்கிற சார்ஜர் பெட்டியைக் கழற்ற முடியாதாம். அது போதுமா? ஈபியில் லோடு ஏற்ற எழுதிக்கொடுக்க வேண்டுமா? இரண்டாவது, வண்டியை எடுக்கும் நாளில் எதையெல்லாம் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்? பெட்ரோல் வண்டி என்றால் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் சத்தம் கேட்கச் சொல்லலாம். இதில் கேட்க என்ன சத்தம் இருக்கிறது?

இன்னொன்று. எங்கள் ஊர் வாணவெடிக்குப் பேர்போன ஊர். தெருவில் பாதிப் பேர் "பேட்டரி வெடிக்குமாமே" என்று கேட்கிறார்கள். வெடிக்கு மருந்து இடிக்கிறவரே வந்து கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கொரடாச்சேரி வயர்மேன்:

அண்ணே, உங்கள் ஊர்ப்பக்கம் பத்து வீட்டுக்காவது வேலை பார்த்திருப்பேன், அந்தக் கட்டை ஃபியூஸ் போர்டு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். முதலில் அதை எடுங்கள். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள்.

பதினைந்து ஆம்பியர் சார்ஜர் 3.3 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 14 ஆம்பியர் சொச்சம். வாட்டர் ஹீட்டரும் அவ்வளவு இழுக்கும், ஆனால் கால் மணியில் அணைந்துவிடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். மலிவான சாக்கெட் அங்கேதான் உருகும். பிளக்கைப் பிடுங்கும்போது கை பொறுக்காத சூடு இருந்தால் அந்த சாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மெயினிலிருந்து காருக்கென்று தனி லைன். எழுபது அடி என்பதால் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கனத்தில் காப்பர் ஒயர் போடுங்கள். 4 ஸ்கொயரும் தாங்கும், ஆனால் உங்களுக்கு வருவதே 185. அதில் ஒயரிலும் இரண்டு மூன்று வோல்ட் விடுவானேன்? கரண்ட் கசிந்தாலும் லோடு மீறினாலும் தானே அணைக்கிற ஆர்சிபிஓ சுவிட்ச் ஒன்று, 25 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர், டைப் ஏ என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் டைப் ஏசியைத்தான் முதலில் எடுத்துத் தருவார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே கூடாது.

எர்த்துக்கு வருவோம். எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜே ஏற்றாது, சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ஆளுக்கு ஆள் கார் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். போய்ப் பார்த்தால் குழாயில் சுற்றிய கம்பிதான் அந்த வீட்டுக்கு எர்த். கொட்டகை ஓரமாகவே புதுக் குழி எடுங்கள். எட்டடி காப்பர் ராடு, சுற்றிலும் கரியும் உப்புமோ எர்த் பவுடரோ போடலாம். நம் ஊர் களிமண்ணில் ஈரம் நிற்கும், எர்த் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே மண் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும், அப்போது குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் என்ன வோல்ட்டோ கிட்டத்தட்ட அதே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வேலை செய்த ஆளை விடாதீர்கள். ஆர்சிபிஓ மாட்டுவதற்கு முன்பே ஃபேஸிலும் எர்த்திலும் ஒரு 100 வாட் குண்டு பல்பைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் ஏமாற்றும், பல்பு ஏமாற்றாது. மங்கலாக எரிந்தால் குழியில் வேலை பாக்கி.

சாக்கெட்டை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். குடமுருட்டி ஆற்றங்கரை வீட்டுக்காரருக்கு ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லோடு கட்டாயம் எழுதிக்கொடுங்கள். ஏசியும் மோட்டாரும் காரும் ஒரே நேரம் ஓடினால் சிங்கிள் ஃபேஸ் திணறும். த்ரீ ஃபேஸ் எடுத்துக் காரை ஒரு ஃபேஸில் தனியாக விட்டால் நிம்மதி. அதுவரை ராத்திரி பதினொன்றுக்கு மேல் போடுங்கள், காலை ஏழுக்கு எடுங்கள்.

மன்னை ஈவி:

நானும் அதே வண்டிதான், 2020 மாடல், இதுவும் இரண்டாம் கை. வயர்மேன் வீட்டைப் பார்த்துக்கொண்டார். நான் வண்டிக்கு வருகிறேன்.

சத்தம் கேட்க முடியாது, ஆனால் ஈபி மீட்டரைக் கேட்கலாம். டாக்டரிடம் வண்டியை 20 சதவீதத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் ராத்திரி அவர் வீட்டு மீட்டர் ரீடிங்கை ஒரு போட்டோ, சார்ஜ் போட்டு 100 ஆனதும் இன்னொரு போட்டோ. 30.2ல் 80 சதவீதம் என்றால் 24 சொச்சம். சார்ஜர் சூட்டில் போவதையும் சேர்த்தால் புது வண்டிக்கு 27 யூனிட் அளவில் ஓடும். ஃப்ரிட்ஜ், ஃபேன் என்று வீட்டுச் செலவைத் தோராயமாகக் கழித்துவிட்டுப் பாருங்கள். 24, 25 வந்தால் நாலு வயசு வண்டிக்குச் சந்தோஷப்படலாம். 20 என்றால் உட்கார்ந்து பேச வேண்டும். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டும் எடுத்துத் தருவார்கள், அதையும் கேளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி நான் பணம் கொடுக்க மாட்டேன்.

இந்த பேட்டரி எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. வெடிமருந்துக்காரரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், லித்தியம் வகைகளில் சூட்டைத் தாங்குவதில் இது சாதுவான ஜாதி. ஒரு குணம் மட்டும் உண்டு. 100 வரை ஏற்றாமல் நாள்கணக்கில் பாதியிலேயே ஓட்டினால் சதவீதக் கணக்கு குழம்பிவிடும். அவ்வப்போது ஸ்லோ சார்ஜில் 100 வரை விடுங்கள். விற்பவர் ஃபாஸ்ட் சார்ஜிலேயே ஓட்டியவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை லிஃப்டில் தூக்கிப் பாருங்கள். இதற்கு வெட்கப்படவே வேண்டாம். பேட்டரிப் பெட்டியின் அடியில் கீறல் பரவாயில்லை, நசுங்கல் இருந்தால் வேண்டாம். போல்ட் எல்லாம் ஒரே மாதிரி துருவா, அல்லது சிலது மட்டும் புதுசா? கோவை வண்டி என்கிறீர்கள், ஆர்சியில் முதல் பதிவு எங்கே என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் சென்னையில் எத்தனையோ வண்டி முங்கியது. அதெல்லாம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? சீட் பெல்ட்டை முழு நீளம் இழுத்து அடி முனையைப் பாருங்கள், வண்டல் கோடு அங்கே தெரியும். எதைத் துடைத்தாலும் அதைத் துடைக்க மறந்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பேட்டரிக்குத் தண்ணீர் புகாது என்று ஐபி67 தரம் போட்டிருப்பதை நம்பி யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குமா என்று புதுப் பொருளை வைத்துச் செய்கிற சோதனை அது. நாலு வருஷம் குண்டும் குழியும் பார்த்த ரப்பர் சீலுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

சின்ன பேட்டரி, அதுதான் 12 வோல்ட், அதன் தேதியைப் பாருங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்னது படுத்தால் ரிமோட்டில் கதவு திறக்காது, கார் கிளம்பவும் கிளம்பாது. நான் முதல் வாரத்திலேயே மாற்றிவிட்டேன். இரண்டு சாவி, சார்ஜர் கேபிள், அதன் பை, எல்லாம் கைக்கு வரட்டும். ஸ்லோவும் ஃபாஸ்ட்டும் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜ் செருகும் இடத்தில் உலோகப் பின்கள் கறுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மொபைல் செயலியில் டாக்டர் தன் கணக்கிலிருந்து வண்டியை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் எந்தக் கல்யாண மண்டபத்தில் இருக்கிறீர்கள் என்று அவர் கோயம்புத்தூரிலிருந்தே பார்க்கலாம்.

பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. உங்களுக்கு 2029 வரை இருக்கிறது. சர்வீஸ் விட்டுப்போயிருந்தால் அதைக் காரணம் காட்டுவார்கள். அதனால் சர்வீஸ் ஹிஸ்டரியை அச்செடுத்து வாங்குங்கள், உங்கள் பெயருக்கு மாறும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

நாகை உப்புக்காற்று:

எலி! எலியை ஏன் யாரும் சொல்லவில்லை? அறுப்பு முடிந்தாலும் சரி, வயலில் தண்ணீர் ஏறினாலும் சரி, வரப்பு எலி அத்தனையும் கொட்டகைக்குத்தான் வரும். மாட்டுக் கொட்டகை என்றால் வைக்கோல் மிச்சம் இருக்கும், முதலில் அதைக் காலி செய்யுங்கள். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும், அது ஹை வோல்ட்டேஜ். எலி கடித்திருந்தாலும் நீங்கள் கை வைக்கக்கூடாது. நான் புகையிலைத் துண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை செய்கிறதோ இல்லையோ, என் மனைவி பானெட்டைத் திறந்தால் தும்முகிறாள்.

குடமுருட்டிக்கரை:

வைக்கோல் இன்று காலி. வயர்மேன் தம்பி, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், எப்போது வருகிறீர்கள்? மன்னை அண்ணன் சொன்ன மீட்டர் போட்டோ கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, சரி அனுப்புகிறேன் என்றார். சிரித்ததே நல்ல குறி என்று எடுத்துக்கொள்கிறேன்.

கரண்ட் பில் என்ன ஆகும்? இப்போது இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வருகிறது.

மன்னை ஈவி:

ஆயிரம் கிலோமீட்டருக்கு 160 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்துக்கு 320. ஆக 700. இதில் உறுத்துவது 500 என்கிற கோடு. அதைத் தாண்டினால் 101லிருந்து 200 வரையான யூனிட்டுக்கே விலை ஏறிவிடும், மேலே போகப் போக இன்னும் ஏறும். அப்படியும் டீசலோடு பார்த்தால் மிச்சம்தான். சோலார் போட நினைத்தால் மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு. ஆனால் ஓட்டு வீடு, கட்டுமானத்துக்குத் தனிச் செலவு. ஒரு பில் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உறையூர் ரவுண்டானா:

பேப்பர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் டாக்டர் கையெழுத்து. லோன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியில் லோனை நீக்குகிற படிவம் 35ம். அது கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வித்தியாசத் தொகை கேட்பார்கள். அவருடைய ஃபாஸ்டேகை அவர் மூடட்டும், நீங்கள் புதிதாக எடுங்கள். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பச்சை நம்பர் பிளேட் வண்டிக்குப் புகைச் சான்று கிடையாது, அந்தத் தொல்லை விட்டது.

ஓட்டி வருகிறீர்களா, லாரியில் ஏற்றுகிறீர்களா? ஓட்டியே வாருங்கள். கோவையிலிருந்து கும்பகோணம் 300 கிலோமீட்டர் சொச்சம். 80ஐத் தாண்டாமல் வந்தால் கரூர் 130 கிலோமீட்டருக்குள், அங்கே ஒரு ஃபாஸ்ட் சார்ஜ். ஒரு மணி நேரத்தில் 80 ஏறும், அதற்குள் சாப்பிட்டுவிடலாம். திருச்சியில் மறுபடி கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் தஞ்சாவூர் வழியாக வீடு வரை யோசிக்க வேண்டாம். சார்ஜர் வேலை செய்கிறதா என்று கிளம்புவதற்கு முன் செயலியில் கடைசியாக எழுதிய ஆளின் குறிப்பைப் பாருங்கள். ஒன்று ஓடாவிட்டால் அடுத்தது எங்கே என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெருக்கு அன்று வேண்டாம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஜனம் நிற்க இடம் இருக்காது, திருச்சிப் பாலம் முழுக்க வண்டி நிற்கும். ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்தால் முதல் நாளே சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு வியர்க்கும். முந்தின நாளே எடுத்து வந்து கொட்டகையில் விடுங்கள். மறுநாள் காலையில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் ஏற்றுங்கள், மாமியாருக்கும் கணக்கு சரியாகிவிடும்.

குடமுருட்டிக்கரை:

முந்தின நாளே எடுக்கிறேன். மாமியாரிடம் கேட்டேன். "எடுக்கிறது என்றைக்கு வேண்டுமானாலும் எடு, சக்கரம் எலுமிச்சம்பழத்தில் ஏறுவது பெருக்கு அன்று இருக்கட்டும்" என்றார். வயர்மேன் தம்பி நாளைக்கு வருகிறார். 6 ஸ்கொயர் ஒயர் வாங்கியாச்சு. டைப் ஏ கும்பகோணத்தில் கிடைக்கவில்லை, தஞ்சாவூரில் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் போட்டோ அனுப்பிவிட்டார். வீட்டுச் செலவு கழித்து 25 வருகிறது.