மின்தொடர்வண்டியா, உந்துபெட்டியா?

வணக்கம் ஐயா, அம்மா. முன்னால் இன்ஜின் இல்லாமல், தன் அடியிலேயே உள்ள மோட்டாரால் ஓடும் ரயில் பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> மின்தொடர்வண்டி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே எழுதலாமே?

எழுத முடியாது என்றுதான் நினைக்கிறேன் ஐயா. இடிப்பது அந்தத் ‘தொடர்’தான். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் தயாரிக்கும் கையேட்டில் வருவது அமெரிக்காவின் இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகம். அங்கே தன்னார்வலர்கள் மீட்டெடுத்த 309ஆம் எண் வண்டி 1907இல் செய்த மரப்பெட்டி. சிகாகோவிலிருந்து அரோரா, எல்ஜின் ஊர்களுக்கு ஓடியது. முன்னால் இன்ஜின் கிடையாது. மோட்டார்கள் அதன் அடியிலேயே இருக்கின்றன. மின்சாரம் தருவதற்கென்றே பக்கத்தில் போட்ட மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 600 வோல்ட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு தனியாகவே போகும். அந்தத் தடத்தில் 1957 ஜூலை 3 நண்பகலில் பயணிகள் சேவையைத் திடீரென்று நிறுத்தினார்கள். காலையில் அதில் ஏறி வேலைக்குப் போனவர்களுக்கு மாலையில் திரும்ப வண்டி இல்லை. அப்படிக் கைவிடப்பட்டவற்றில் ஒன்றைத்தான் இவர்கள் மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். மேலே தச்சுவேலை, கீழே மோட்டார் வேலை, இரண்டும் ஒரே வண்டிக்கு! இந்த அருமை பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால் சொல் சரியாக இருக்க வேண்டும். ஒற்றையாக ஓடுவதைத் தொடர் என்று எப்படிச் சொல்வது?

கோத்தும் ஓட்டலாம், உண்மைதான். பல பெட்டிகளின் மோட்டார்களை முன்னால் இருக்கும் ஒருவரே இயக்கும் முறையை அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஸ்பிரேக் 1897இல் சிகாகோ உயர்மட்ட ரயிலுக்காக உருவாக்கினார். நம் நாட்டில் 1995இல் வந்த கொமுட்டர் என்ற புறநகர் மின்ரயில், இன்று நம் ஊர் வழியாகப் போகும் இடிஎஸ் என்ற நெடுந்தூர மின்ரயில் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் அந்தத் தொடருக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கும் பெயர் வேண்டுமே.

மற்றப் பரிந்துரைகளையும் பார்த்தேன். ‘தானியங்கிப் பெட்டி’ என்றால் கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடத்து ரயிலைப் போல ஓட்டுநர் இல்லாதது என்று நினைப்பார்கள். ‘மின்பெட்டி’ வீட்டுச் சுவரில் மீட்டர் இருக்கும் பெட்டி. ‘ஓட்டுப்பெட்டி’ தேர்தலுக்குப் போய்விட்டது. டிராம் பினாங்கில் 1936 வரை ஓடியதால் பெரியவர்களுக்குப் பழகிய சொல்தான், ஆனால் அது தெருவில் ஓடுவது. இது ஊர்விட்டு ஊர் போவது. எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் ரயில் பாதைக்குச் சொன்ன ‘கம்பிச் சடக்கு’ (சடக்கு என்றால் சாலை) எனக்கு உயிர். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று இரண்டு நாள் முயன்றேன். அது பாதைக்குத்தான் பொருந்துகிறது, வண்டிக்கு வரவில்லை.

என் பரிந்துரை ‘உந்துபெட்டி’. பேருந்து, மகிழுந்து என்று பழகிவிட்டதால் ‘உந்து’ என்றதும் மோட்டார் நினைவுக்கு வரும். ரயிலுக்குப் ‘பெட்டி’ என்பது எல்லோர் வாயிலும் உள்ள சொல். டீசலில் ஓடினால் டீசல் உந்துபெட்டி, மின்சாரத்தில் ஓடினால் மின் உந்துபெட்டி. வினைத்தொகை ஆயிற்றே, உந்தப்படும் பெட்டி என்றும் பொருள் வருமே என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பேருந்தை யாரும் அப்படிப் பிரித்துப் படிப்பதில்லை, இதையும் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் மோட்டார் இல்லாத பெட்டிக்கு ‘இழுபெட்டி’ வேண்டாம். இழுக்கிறதா, இழுபடுகிறதா என்ற குழப்பம் அங்கே நிச்சயம் வரும். ‘துணைப்பெட்டி’ என்று வைக்கலாமா?

கையேடு ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது. துணைப்பெட்டியைவிட நல்ல சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன். உந்துபெட்டியை மட்டும் விட மனம் வரவில்லை.