பிரெஞ்சு தெரிந்த மொரிஷியஸ்காரருக்கு ஸ்பானிஷ் பேச எவ்வளவு காலம் ஆகும்?

வரவேற்பு மேசை (பிளிக் ஆன் பிளாக்)

எல்லோருக்கும் வணக்கம். மேற்குக் கரையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் தேனிலவுக்கு வரும் ஸ்பெயின்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள். பலருக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது, பிரெஞ்சு அறவே வராது. விருந்தினர் சேவைப் பிரிவுக்கு அடுத்த ஆண்டு ஆள் எடுக்கும்போது ஸ்பானிஷ் பேசுபவருக்கே முன்னுரிமை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வீட்டில் கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் ஊர் மொழி, பேசுகிறோம். பிரெஞ்சும் ஆங்கிலமும் பள்ளியில் வந்தவை. தமிழ், பாட்டியிடமும் பள்ளித் தமிழ் வகுப்பிலும் கற்றது. ஒரு செயலி ‘மூன்று மாதத்தில் சரளம்’ என்கிறது. வேறோர் இடத்தில் 600 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? ஷிப்டு வேலைக்கு நடுவே நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். அந்த ஒரு மணி நேரம் வீணாகக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

தெற்குக்காரன் (சேன் பியேர், ரியூனியன்)

இங்கே கொலேஜில், அதாவது நடுநிலைப் பள்ளியில், இரண்டாம் அயல்மொழியாக ஸ்பானிஷ் எடுத்தவன் நான். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். பள்ளி ஆண்டு 36 வாரம் என்றால் மொத்தம் 90 மணி நேரம். அதையும் வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் படித்தும் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் என் வயதில் ஏராளம். வகுப்பில் சேர்வதானால், ஒவ்வொருவருக்கும் பேச எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சமரேல் வழிகாட்டி (ரோஸ் ஹில்)

அம்மா, ஸ்பெயின் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த 600 அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் சொல்லும் கணக்கு. ஸ்பானிஷுக்கு 24 முதல் 30 வாரம், 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று நெடுநாள் சொல்லிவந்தது. அங்கே படிப்பவர்கள் ஆங்கிலம் பேசும் அதிகாரிகள். சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் அதையே படிப்பார்கள், வீட்டுப் பாடம் தனி. அலுவல் பேச்சு முழுவதையும் அந்த மொழியிலேயே நடத்தும் திறமைதான் அவர்களுடைய இலக்கு. நம் தமிழுக்கு அதே கழகம் 44 வாரம், 1100 மணி நேரம் வைத்திருந்தது.

உங்களுக்கு வேண்டியது அறை, கட்டணம், புகார், மருத்துவர், விமான நேரம், பிறகு மனம்விட்டு நாலு வார்த்தை. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1, அதாவது அன்றாடப் பேச்சைத் தானே சமாளிக்கும் நிலை, போதும். பிரெஞ்சு கையில் இருப்பதால், நாளைக்கு ஒரு மணி நேரம் விடாமல் உழைத்தால் ஓர் ஆண்டில் அங்கே போய்ச் சேரலாம் என்பது என் கணிப்பு. மூன்று மாதத்தில் வணக்கம் சொல்லிச் சாவி கொடுக்கலாம். அதைச் சரளம் என்று விற்பது அநியாயம்.

பிரெஞ்சு உங்களுக்குச் சொற்களை அள்ளித் தரும். சுதந்திரம் என்னும் ‘லிபெர்த்தே’ ஸ்பானிஷில் ‘லிபெர்தாத்’ ஆகிறது, பள்ளி என்னும் ‘எகோல்’ ‘எஸ்குவேலா’ ஆகிறது. இந்த வாய்பாடுகள் பிடிபட்டால் ஒரு மாலைப் பொழுதிலேயே நூற்றுக்கணக்கான சொற்கள் அடையாளம் தெரியும். ஆனால் ஒரு விருந்தினர் ‘எஸ்தோய் கொன்ஸ்திபாதோ’ என்றால் அவருக்கு ஜலதோஷம். பிரெஞ்சுக் காதோடு கேட்டால் மலச்சிக்கலுக்கு மருந்து தேடுவீர்கள். ‘லார்கோ’ என்றால் நீளம், பிரெஞ்சு ‘லார்ஜ்’ போல அகலம் அன்று. இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. வாசித்தால் புரிகிறது என்பதால் மொழியே வந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. நம் ஊரில் ஸ்பானிஷ் தொடங்கிப் பாதியில் நின்றுபோனவர்களில் நான் கண்டவர்கள் பெரும்பாலும் இப்படி நின்றவர்கள்தான்.

தமிழ் செய்கிற உதவியை யாரும் சொல்வதில்லை, எனக்கு அது மனக்குறை. ‘மே துவேலே லா கபேத்தா’ என்பது அச்சு அசல் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ‘மே குஸ்தா’ என்பது ‘எனக்குப் பிடிக்கும்’. பிரெஞ்சு வழியாகப் போனால் இவற்றைச் சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். படம் பார்த்தேன் என்கிறோம், ஆனால் அண்ணனைப் பார்த்தேன் என்றுதான் சொல்வோம். ஸ்பானிஷிலும் படத்துக்கு ஒன்றும் வேண்டாம், ஆளைச் சொன்னால் முன்னால் ‘ஆ’ வந்தாக வேண்டும். பாடப் புத்தகம் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும். உங்களுக்கு அது பாட்டி கொடுத்த சொத்து. வந்தேன் என்றாலே ‘நான்’ அதற்குள் அடக்கம் என்பதும் அப்படித்தான். கிரியோலில் ‘மோ தி மான்ஜே, லி தி மான்ஜே’ (நான் சாப்பிட்டேன், அவர் சாப்பிட்டார்) என்று வினை அசையாமல் நிற்கும், அங்கிருந்து வந்தால் இது புதிது. பிரெஞ்சின் தொண்டை ரகரத்தை விட்டுவிட்டு நாக்கு நுனிக்கு வாருங்கள். ஒரு தட்டு தட்டினால் ‘பெரோ’, அதாவது ‘ஆனால்’. உருட்டினால் ‘பெர்ரோ’, நாய்.

தமிழும் கைவிடும் இடம் அழுத்தம். ‘யேகோ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் ‘நான் வந்து சேர்கிறேன்’, கடைசி அசையை அழுத்தினால் ‘அவர் வந்து சேர்ந்தார்’. முன்பதிவுத் தொலைபேசியில் இந்த வேறுபாடு தவறினால் அறை ஒதுக்கீடே குழம்பும். ‘இரு’ என்ற ஒன்றுக்கு ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள் இருப்பதற்கும் நம் எந்த மொழியும் துணை வராது, பழக்கம்தான் வழி.

இனி அந்த ஒரு மணி நேரம். விருந்தினர் உங்களிடம் வழக்கமாகக் கேட்பதை எழுதிவையுங்கள், பதிலையும் எழுதுங்கள், தெரிந்தவரிடம் திருத்தி வாங்கி உரக்கச் சொல்லிப் பழகுங்கள். காவடி நாளில் பயணிகளைப் போர்ட் லூயிஸ் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போவேன். அலகு குத்தியவரைப் பார்த்ததும் முதலில் வரும் கேள்வி ‘நோ லே துவேலே?’ அவருக்கு வலிக்காதா என்று. விரதம் எத்தனை நாள், பால்குடம் எதற்கு, சாமி யார் என்று அடுத்தடுத்து வரும். அந்தப் பதில்களை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்ததால் கூட்டத்தின் நடுவிலும் நாக்கு நின்றதில்லை. பொதுவான பாடங்களில் வரும் ஆப்பிளும் பென்சிலும் பிறகு வரட்டும்.

எழுதிப் பழகியது கைவந்த பிறகு பேச ஆள் தேடுங்கள். மாட்ரிட் நமக்கு அவர்களுடைய கோடையில் 2 மணி நேரமும் குளிர்காலத்தில் 3 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. இங்கே இரவு 9 என்றால் அங்கே மாலை 7 அல்லது 6, வேலை முடிந்தவர்கள் கிடைப்பார்கள். பிரெஞ்சு பேசிப் பழக விரும்பும் ஸ்பானியர்கள் இணையத்தில் கிடைப்பார்கள். பாதி நேரம் அவர்களுக்குப் பிரெஞ்சு, மீதி உங்களுக்கு ஸ்பானிஷ். காசு செலவில்லை.

சாட்ஸ்வொர்த் வாசகர் (டர்பன்)

எனக்குப் பிரெஞ்சு கிடையாது. ஆங்கிலமும், அப்பா விடாமல் பேசிய தமிழும்தான். சொற்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருந்ததால் இடைவெளி விட்டு நினைவூட்டும் ஆங்கி போன்ற செயலிகள் எனக்குப் பெரிய துணை. செயலி என்றாலே ஒதுக்க வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில் ஸ்பெயின் வானொலிச் செய்தியைக் கேளுங்கள், முதலில் ஒன்றும் புரியாவிட்டாலும் வேகம் பழகிவிடும்.

வரவேற்பு மேசை (பிளிக் ஆன் பிளாக்)

மிக்க நன்றி. ‘மே துவேலே’ படித்ததும் உடனே பிடிபட்டுவிட்டது! ஐயா, மேலாளருக்குக் காட்டச் சான்றிதழ் எடுக்க வேண்டுமா?

சமரேல் வழிகாட்டி (ரோஸ் ஹில்)

டெலே என்ற ஸ்பானிஷ் தேர்வுச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, ஸ்பெயினின் செர்வாந்தெஸ் கழகம் தருவது. சியெலே என்ற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வு கணினியில் எழுதுவது, 5 ஆண்டு செல்லும். பி1 அளவு வந்த பிறகு டெலே எடுங்கள், இப்போதே கட்டணம் கட்ட வேண்டாம். மேலாளர் முன்னால் ஒரு ஸ்பானிய விருந்தினருக்கு நீங்களே அறை பதிவு செய்து காட்டினால் அதைவிடச் சான்று வேறு என்ன வேண்டும்.

முதல் வாக்கியம் நான் தருகிறேன்: ‘லா ஆபிதாத்தியோன் தோதவீயா நோ எஸ்தா லிஸ்தா’, அறை இன்னும் தயாராகவில்லை. மதியத்துக்கு முன் வந்து இறங்குபவர்களிடம் தினமும் சொல்ல வேண்டியிருக்குமே. அடுத்த பத்தை நீங்கள் எழுதி இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.